ஏர் மார்ஷலும் பாட்டியின் கட்டிலும்

ஆகஸ்ட் 12
அம்மா குளியலறையில் விழுந்ததிலிருந்து வீட்டில் இரவு பகல் இல்லை. இடுப்பெலும்பு முறிவு. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். ராத்திரி முறை மகளுடையது. பன்னிரண்டாம் வகுப்பை இப்போதுதான் முடித்தவள்.

ஆகஸ்ட் 13
தூங்கவில்லை.

ஆகஸ்ட் 17
புனே ராணுவ மருத்துவக் கல்லூரியிலிருந்து மகளுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு. படித்து முடித்தால் படையில் பணியாற்ற வேண்டும். "பாட்டிய யார் பாத்துப்பா?" என்றேன். பதில் சொல்லாமல் வெந்நீர் வைக்கப் போனாள்.

ஆகஸ்ட் 18
எங்கள் திருவனந்தபுரத்துப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். திருவிதாங்கூர் நாயர் படை வீரர்கள் பத்மநாபபுரத்திலிருந்து கொண்டுவந்த பிள்ளையார். கோயில் இன்றும் ராணுவத்தின் பொறுப்பில்தான். அவளுக்கு இடம் கிடைக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்வதா, கிடைக்கக் கூடாதென்றா? ஒன்றும் கேட்காமல் திரும்பினேன்.

ஆகஸ்ட் 22
பாட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து மகள் பத்மா பந்தோபாத்யாயைப் பற்றிச் சொன்னாள். 1944இல் திருப்பதியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா காசநோயில் படுத்த படுக்கை. சிறுவயதிலேயே அவரைப் பார்த்துக்கொண்டவர் இவர். 1963இல் இதே புனே கல்லூரியில் சேர்ந்து, 1968இல் விமானப்படைக்குப் போனார். எடுத்துக்கொண்டது விமான மருத்துவம். போர் விமானம் வேகமாகத் திரும்பும்போது ரத்தம் தலையிலிருந்து கீழிறங்கி விமானிக்குக் கண் இருட்டுமாம். அதையெல்லாம் ஆராயும் படிப்பு. 1971 போர்க்காலப் பணிக்கு விசிஷ்ட சேவா பதக்கம். ஆர்க்டிக் பகுதியில் ஆய்வு. 2002இல் ஏர் வைஸ் மார்ஷல், பிறகு ஏர் மார்ஷல். இரண்டிலும் விமானப்படையின் முதல் பெண். ஓய்வுக்குப் பின் 2020இல் பத்மஸ்ரீ.

பதவிகள் என் காதில் சரியாக ஏறவில்லை. நோயாளி இருந்த வீடு அந்தப் பெண்ணைப் போகவிட்டிருக்கிறது என்பதிலேயே மனசு நின்றது.

அம்மா தூங்குகிறாள் என்றிருந்தோம். "எப்போ புறப்படறா?" என்றாள்.

ஆகஸ்ட் 25
பெண்ணுக்குப் பட்டாளம் எதற்கு என்று ஒரு உறவினர். 1984 முதல் தென் விமானப்படைத் தலைமையகம் இருக்கும் எங்கள் ஊரில் இப்படி ஒரு பேச்சு! போனை வைத்துவிட்டேன். கை நடுங்கியது.

ஆகஸ்ட் 27
புனேக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. ராத்திரி முறைக்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை.