உலக அரசியல் முதல் பாடமும் மதிப்பெண்ணும்

அமெரிக்கக் கல்லூரிகளில் சர்வதேச அரசியல் அறிமுகப் பாடத்தின் மதிப்பெண் பெரும்பாலும் ஒரே தேர்வில் அடங்கிவிடுவதில்லை. இடைத்தேர்வு, இறுதித்தேர்வு, கட்டுரை, வகுப்பு விவாதம் என்று பிரிந்திருக்கும். எதற்கு எத்தனை சதவீதம் என்பதைப் பாடத்திட்டத் தாள் தொடக்கத்திலேயே சொல்லிவிடும். சில ஆசிரியர்கள் வரைபடத் தேர்வும் வைப்பதுண்டு.

மாணவரை உண்மையில் சோதிப்பது கட்டுரைதான். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்பட்டதால் எழுந்த 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை எடுத்துக்கொண்டால், அந்த 13 நாள்களில் நடந்ததை வரிசையாக ஒப்பித்தால் போதாது. வான்தாக்குதலை விட்டுக் கடல்வழித் தடையை அமெரிக்க அதிபர் கென்னடி ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கோட்பாட்டின் துணையோடு விளக்க வேண்டும். அரசியல் அறிஞர் கிரகாம் அலிசனின் 1971ஆம் ஆண்டு நூல் இதையே மூன்று கோணங்களில் பார்க்கிறது: ஒரே மனிதனைப் போலக் கணக்குப் போடும் அரசு, பழகிய நடைமுறைப்படி இயங்கும் அமைப்புகள், தமக்குள் பேரம் பேசும் அதிகாரிகள். ஒரு கோணத்தை எடுத்து வாதிட்டு, அதற்கு இடிக்கும் சான்றையும் மறைக்காமல் எழுதுபவருக்கே ‘ஏ’ தகும்.

வகுப்பையே 15 நாடுகள் கொண்ட ஐ.நா. பாதுகாப்பு அவையாக்கும் பயிற்சியும் உண்டு. வீட்டோ எனும் தடுப்பதிகாரம் உள்ள 5 நாடுகளில் ஒன்று யாருக்கோ வாய்க்கும். அங்கே பேச்சு வன்மையைவிட, தனக்குப் பிடிக்காத நாட்டின் நலனையும் ஒருவர் எவ்வளவு நேர்மையாக வாதாடினார் என்பதற்கே மதிப்பெண் தருவது நியாயம்.