வண்டலூர் ஹெரால்டுக்குப் புதுப் பொறி

பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையில், ஜி.எஸ்.டி. சாலையோரம், ஒரு காலத்தில் கார்கள் தயாராகின. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வான்கார்டு, எய்ட், டென், பென்னன்ட் என்று வரிசையாக வண்டிகளை இறக்கியது. 1961இல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வெளியான அதே கார். உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜொவானி மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சி.சி. நான்கு கதவு வைத்த மார்க் 3 இங்கே 1968இல் வந்தது. அதன் வாரிசான கஸல் 1972 முதல் 1977 வரை ஓடியது. 1985இல் பெரிய நம்பிக்கையோடு வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. 1988இல் உற்பத்தி நின்றுபோனது.

அந்த வண்டிகள் இன்னும் தென்சென்னைப் புறநகரில் ஓடுகின்றன. அவற்றுக்கு வேலை செய்யத் தெரிந்தவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். பிரதான சாலையிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில் மார்க் 3 ஒன்றுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவதைப் பார்க்கத்தான் போயிருந்தேன். பட்டறையை நடத்தும் பெரியவர் அந்த ஆலையில் வேலை பார்த்த ஒருவரிடம் தொழில் பழகியவர். உதவிக்கு ஐ.டி.ஐ. முடித்த ஓர் இளைஞர்.

ஹெரால்டில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்த முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் சாய்ந்துகொள்ளும். எஞ்சின் மூன்று பக்கமும் வெட்டவெளியில் நிற்கும். பெரியவர் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தள்ளிக் கழற்றினார். குனிய வேண்டாம், உள்ளே தலையை விட வேண்டாம். மெக்கானிக்கின் முதுகை நினைத்து வடிவமைத்த கார்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

மூடிக்குள்ளே இருந்தது நூறு வருஷத்துக்கு மேல் வயதான ஓர் ஏற்பாடு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய இது, 1910ஆம் ஆண்டின் காடிலாக்கில் வந்தது. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலின் முதல் சுற்றில் ஓடுகிறது. பாயிண்ட் என்று பட்டறையில் சொல்லும் இரண்டு சின்னப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டிருக்கும்வரை ஓடும். நடுவில் சுழலும் கேம் அவற்றைப் பிரித்ததும் ஓட்டம் அறுபட்டு, காயிலுக்குள் இருந்த காந்தப்புலம் சட்டென்று சரிந்துவிடும். அந்தச் சரிவில் இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும்பி, ரோட்டார் வழியாகப் பிளக்குக்குப் போய்ப் பொறியாகத் தாவுகிறது. பக்கத்தில் இருக்கும் கண்டென்சர், பாயிண்ட்டுகளுக்கு நடுவில் பொறி பறந்து அவை கருகிப்போகாமல் காக்கிறது.

நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 100 பொறி வேண்டும். அதாவது அந்தப் பொட்டுகள் விநாடிக்கு நூறு முறை பிரிந்து சேர வேண்டும். கேமில் உரசும் ஃபைபர் குதி ஓட ஓடத் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாகும். பிக்கப் போகும், சூடு ஏறும். லூகாஸ் 25டி வகை டிஸ்ட்ரிபியூட்டரில் இந்த இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. ஃபீலர் கேஜ் கையில் இல்லாத டிரைவர்கள் விசிட்டிங் கார்டைச் செருகி அளந்ததும், கருகின பொட்டை உப்புத்தாளால் தேய்த்து வழியிலேயே வண்டியைக் கிளப்பியதும் அம்பாசடர், ஃபியட் ஓட்டியவர்களுக்கு மறக்காது.

எலக்ட்ரானிக் கிட் மாற்றுவது இந்தப் பாயிண்ட்டையும் கண்டென்சரையும் மட்டும்தான். கேமின் மேல் ஒரு காந்த வளையம் உட்காருகிறது. பக்கத்தில் மாட்யூல் என்று சொல்லும், பிசின் ஊற்றி அடைத்த சிறிய பெட்டி ஒன்று. 1879இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவை வைத்து, காந்தம் கடந்துபோவதை அது உணர்ந்து காயிலின் ஓட்டத்தை வெட்டுகிறது. உரசல் இல்லை, அதனால் தேய்மானமும் இல்லை. காயில், ரோட்டார், மூடி, பிளக் ஒயர் எல்லாம் பழையபடியே. இங்கிலாந்தில் எம்.ஜி.பி., மினி போன்ற கார்களிலும் 25டி வந்ததால், அவற்றுக்கென்று அங்கே விற்கும் கிட்டுகள் நம் வண்டியிலும் உட்காருகின்றன. அமெரிக்காவில் கிரைஸ்லர் 1973 மாடல்களிலேயே தன் கார்கள் எல்லாவற்றுக்கும் பாயிண்ட் இல்லாத இக்னிஷன் கொடுத்துவிட்டது. ஹெரால்டுக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது.

கிட்டோடு வந்த காகிதத்தைப் படித்தால் வேலை அரைமணியில் முடியும் போலத் தோன்றும். பெரியவர் கிட்டை இன்னும் பிரிக்கவே இல்லை. ரோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு ஷாஃப்டின் நுனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். “பிளே இருக்கு பாரு,” என்று இளைஞரின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கீழே இருக்கும் புஷ் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் தள்ளாடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி வெவ்வேறு நேரத்தில் விழும். பாயிண்ட்டில் இது உடனே மிஸ்ஸிங்காகத் தெரியும். கிட் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். அந்தப் பொறுமையைத்தான் பெரியவர் நம்ப மறுக்கிறார். நோய் உள்ளேயே இருக்க வலி மட்டும் குறைந்தால் போதுமா என்பது அவர் கேள்வி. இந்த வண்டியில் ஆட்டம் கொஞ்சம்தான். விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்.

அடுத்தது பேஸ் பிளேட்டுக்குக் கீழே இருக்கும் எடைகள். வேகம் கூடும்போது இவை வெளியே விரிந்து பொறியை முன்கூட்டி விழவைக்க வேண்டும். இதில் அவை துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. எத்தனை வருஷமாக இந்தக் கார் அட்வான்ஸே இல்லாமல் ஓடியது என்று யாருக்குத் தெரியும்! அவற்றைச் சுத்தம் செய்து, ஸ்பிரிங்குகள் தொய்ந்திருக்கிறதா என்று பார்த்து, சொட்டு எண்ணெய் விட்டார்கள். பிறகு வேக்குவம் குழாயின் நுனியை வாயில் வைத்து இளைஞர் காற்றை உறிஞ்சினார். தட்டு நகர்ந்து, நாக்கால் அடைத்தபோது அங்கேயே நின்றது. டயாஃப்ரம் கிழியவில்லை. தட்டை டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்போடு இணைக்கும் மெல்லிய எர்த் ஒயர் மட்டும் நார்நாராகப் பிரிந்திருந்தது, மாற்றினார்கள். மாட்யூலுக்கு எர்த் கிடைப்பது இந்தத் தட்டு வழியாகத்தான். இந்த ஒயர் அறுந்தால் வண்டி விட்டுவிட்டு நிற்கும், பழி புதுச் சாமான்மேல் விழும்.

கிட் வருவதற்கு முன்பே இந்தக் கார் பாதி குணமாகிவிட்டது என்பதுதான் அன்று நான் கண்டது. “எலக்ட்ரானிக் போட்டதும் வண்டி பறக்குது” என்று உரிமையாளர்கள் சொல்வதில் பெரும்பங்கு இந்த எடைகளுக்கும் எர்த்துக்கும் சேர வேண்டியது.

மல்டிமீட்டர் இளைஞரின் கையில் இருந்தது. காயிலின் முதல் சுற்று ஏறக்குறைய 3 ஓம். சரிதான். பாலாஸ்ட் வைத்த 1.5 ஓம் காயிலாக இருந்திருந்தால் இந்த மாட்யூல் தாங்காது. அடுத்து பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்தார். பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அறுபதுகளின் பிற்பாதியில்தான் நெகட்டிவுக்கு மாறின. ஏதாவது ஒரு காலத்தில் யாராவது மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் விட்டிருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடத் தொட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தலைகீழாக இணைத்தால் மாட்யூல் நொடியில் போய்விடும்.

பொருத்தும் வேலை சீக்கிரம் முடிந்தது. முதல் சிலிண்டரை மேலே கொண்டுவந்து, ரோட்டார் பார்க்கும் திசையைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டார்கள். பாயிண்ட்டும் கண்டென்சரும் வெளியே, மாட்யூல் உள்ளே, காந்த வளையம் கேமின் மேல் அழுந்தி உட்கார்ந்தது, சிவப்பு ஒயர் காயிலின் பாசிட்டிவுக்கு, கறுப்பு நெகட்டிவுக்கு. ரோட்டாரைத் திரும்ப வைக்கும் முன் பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ரிவெட் அடித்த மலிவு ரோட்டார்களில் மின்சாரம் ரிவெட் வழியாகவே ஷாஃப்டுக்கு இறங்கி, வண்டி சூடானதும் நின்றுபோகும். பாயிண்ட்டைத் திட்டித் தீர்த்த பலருடைய வண்டியில் குற்றவாளி இந்தச் சாமான்தான்.

மழையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது, அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் கார்கள் முங்கின. எலக்ட்ரானிக் போட்டால் ஈரத்துக்குப் பயமில்லை என்று கடைகளில் சொல்கிறார்கள். மாட்யூலுக்குப் பயமில்லை, உண்மை. ஆனால் மூடிக்குள் ஈரம் படிந்தால் உயர் மின்னழுத்தம் அதன் சுவரிலேயே கசிந்து கரிக்கோடு போட்டுவிடும். கிட் அந்த இடத்தில் எதையும் மாற்றுவதில்லை. ஐப்பசிக்கு முன் மூடியைக் கழற்றித் துடைப்பது முன்போலவே தேவை.

பாயிண்ட் இருந்த காலத்தில் ஒரு சின்ன பல்பை வைத்தே டைமிங் பிடிக்கலாம். பொட்டுகள் பிரியும் கணத்தில் பல்பு எரியும். இப்போது எஞ்சின் ஓடும்போது டைமிங் லைட்டைக் காட்டி, புல்லியில் உள்ள குறியைப் பார்க்க வேண்டும். இளைஞர் லைட்டைப் பிடிக்க, பெரியவர் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். கையேட்டின் அளவில் நிறுத்தினாலும் அதையே முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கையேடு எழுதிய நாளில் பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000இல் இந்தியாவில் அது ஒழிந்தது. இன்று பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் எத்தனால். அதனால் வண்டியை வண்டலூர் மேம்பாலத்துக்கு ஓட்டிப்போய், டாப் கியரில் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து நாக்கிங் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தார். லேசாகக் கேட்டது. ஓரம் கட்டி ஒரு நூல் அளவு பின்னால் திருப்பி இறுக்கினார். கிளாம்பாக்கம் பேருந்து முனைய நெரிசலில் ஊர்ந்தபோதும் எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கான விதிகளை மத்திய அரசு 2021இல் கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ எழுத்து, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். மூடிக்குள் மறைந்திருந்து, எப்போது வேண்டுமானாலும் கழற்றக்கூடிய இந்தக் கிட்டை வண்டிக்காரர்கள் விரும்புவதற்கு இந்த அக்கறையும் ஒரு காரணம். கழற்றிய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் பெரியவர் துடைத்து, பொட்டலம் கட்டி டிக்கியில் வைத்தார். மாட்யூல் போனால் அது எச்சரிக்கை தராது, மொத்தமாகப் போகும். எஞ்சின் நின்றிருக்கும்போது சாவியை ஆனில் விட்டாலே காயில் 4 ஆம்பியரில் சூடாகி அதற்கு உலை வைத்துவிடலாம். பாயிண்ட்டோ சொல்லிச் சொல்லித்தான் கெடும்.

வாரம் ஒருநாள் ஓட்டும் வண்டிக்கு, நல்ல பாயிண்ட்டும் நல்ல கண்டென்சரும் கிடைத்தால், இது கட்டாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தினம் ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்துபோகிற வண்டிக்குத் தயங்காமல் போடலாம். எப்படியானாலும் என்னை உறுத்தியது கணக்குதான். இறக்குமதி கிட்டுக்குச் சொன்ன விலையைக் கொடுக்கிறவர்கள், எடையைத் துலக்கி எர்த்தைச் சேர்த்த கைகளின் கூலியில் பேரம் பேசுகிறார்கள். அந்தக் கைகளிடம் இருப்பது எந்தக் கையேட்டிலும் முழுதாக எழுதப்படவில்லை. இப்போதைக்கு அது ஓர் இளைஞரின் விரலுக்கு மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது.

பக்கத்தில் ஒரு கஸல் தன் முறைக்காக நின்றது. அதன் உரிமையாளரும் கிட் வாங்கி வந்திருந்தார். இந்த முறை ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தவர் இளைஞர்தான். “அண்ணே, இது ஏகமா ஆடுது,” என்றார். பெரியவர் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, பெட்டியைப் பிரிக்காமலே உரிமையாளரிடம் நீட்டினார். “லேத்ல குடுத்து புது புஷ் கடைஞ்சி வரட்டும் சார். பாயிண்ட்லயே ஒரு மாசம் ஓட்டுங்க. அப்புறம் இது வேணுமான்னு நீங்களே சொல்லுங்க.”