வானம் தெரிந்தால் பேசலாம் (ஜான் மியூர் பாதை – 6)

மெக்ளூர் புல்வெளியில் ராத்திரி அனுப்பிய செய்தி விடியும்வரை போகவே இல்லை. பைன் மரங்களுக்கு அடியில் கூடாரம், இரண்டு பக்கமும் செங்குத்தான கிரானைட் பாறை, நடுவில் ஒரு கீற்று வானம். மறுநாள் மரங்களைத் தாண்டி மேலேறி, வாண்டா ஏரிக்கரையில் மூச்சு வாங்க நின்றபோதுதான் தோள்வாரில் மாட்டியிருந்த கருவி சத்தம் கொடுத்தது. செய்தி போய்விட்டது.

'அது என்ன டப்பா?' என்று போன பகுதியைப் படித்த நண்பர்கள் கேட்டிருந்தார்கள். கார்மின் இன்ரீச் மினி. 100 கிராம் எடை, உள்ளங்கைக்குள் அடங்கும். செல்பேசிக் கோபுரமே இல்லாத இந்த சியெரா நெவாடா மலையில், 780 கிலோமீட்டர் உயரத்தில் துருவம் விட்டுத் துருவம் சுற்றும் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாக இது பேசுகிறது. ஒரு கோள் நம் தலைக்கு மேல் பத்து நிமிடம்கூடத் தங்காது. வெட்டவெளியில் ஒன்று மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும். பள்ளத்தாக்கில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். முதலில் 77 கோள்கள் விடுவதாகத் திட்டம். இரிடியத்தின் அணு எண் 77 என்பதால் அந்தப் பெயர். பிறகு 66 போதும் என்று முடிவானபோதும் பெயரை மாற்றவில்லை. 66-க்கு உரிய தனிமம் டிஸ்ப்ரோசியம். அந்தப் பெயரில் எதை விற்பது!

பொத்தான்களை ஒரு மாலையில் பழகிவிடலாம். யாரைத் தொடர்புப் பட்டியலில் சேர்ப்பது என்பதுதான் பெரிய வேலை. பட்டியலை வீட்டிலேயே இணையக் கணக்கில் போட்டு, கருவிக்கு ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். காட்டில் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கி ஒவ்வோர் எழுத்தாக எண்ணும் பெயரும் சேர்ப்பது தண்டனை. மூன்று செய்திகளை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். என் சந்தாவில் அவற்றுக்குக் கட்டணம் இல்லை. என்னுடையவை, ஆங்கில எழுத்தில் தமிழ்: 'கூடாரம் போட்டாச்சு, நலம்', 'இன்னைக்கு லேட், பயப்படாதே', 'கீழே இறங்கியாச்சு'. மற்றதெல்லாம் 160 எழுத்துக்குள்.

மனைவிக்குக் குறுஞ்செய்தி போகும். மதுரையில் இருக்கும் அக்காவுக்கு மின்னஞ்சல். அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் நான் நிற்கும் இடம் வரைபடத்தில் தெரியும். பதிலையும் அங்கேதான் எழுத வேண்டும். வழக்கம்போல மின்னஞ்சலுக்கே பதில் போட்டால் எனக்கு வந்து சேராது. இதை அக்காவுக்குப் போனில் சொல்லிக்கொடுத்தேன், அவள் கேட்டபடி இன்னொரு தடவையும். மாமாவும் தன்னைச் சேர்க்கச் சொன்னார். மறுத்துவிட்டேன். தினமும் காலை வணக்கம் அனுப்புகிறவர் அவர். சந்தாவில் வரும் செய்திக்கும் கணக்கு உண்டு.

ஆபத்துக்கால எண் வேறு சங்கதி. எஸ்.ஓ.எஸ். பொத்தானை அழுத்தினால் டெக்சாஸில் இரவும் பகலும் இயங்கும் மையத்துக்குத் தகவல் போகும். அவர்கள் நம்மோடு எழுத்திலேயே பேசியபடி, நாம் பதிந்துவைத்த ஆபத்துக்கால எண்ணுக்குப் போன் செய்வார்கள். பாசம் மிகுந்தவரைவிட, தெரியாத எண் என்றாலும் எடுப்பவரும் நம் பயணத் திட்டத்தைக் கையில் வைத்திருப்பவருமே அந்த இடத்துக்கு ஏற்றவர். என் மனைவி தெரியாத எண்ணை எடுக்கவே மாட்டாள். அதனால் பக்கத்து வீட்டு நண்பரின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டாரோடு ஓர் ஒப்பந்தமும் உண்டு. ஒரு ராத்திரி செய்தி வராவிட்டால் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. இரண்டாவது ராத்திரியும் வராவிட்டால் என் பாதையைப் பார்த்து முடிவெடுக்கலாம். இந்தப் பேச்சு நடக்காத வீட்டில் கருவியால் கவலைதான் கூடும். முன்பெல்லாம் மலைக்குப் போனவன் இறங்கும்வரை பொறுத்திருந்தவர்கள், இப்போது ஒரு மணி நேரத் தாமதத்துக்கே துடிக்கிறார்கள்.

மியூர் கணவாய், 3,644 மீட்டர். 1930-இல் சியெரா கிளப் கட்டிய கல் குடிசை உச்சியில் நிற்கிறது. உள்ளே உட்கார்ந்தால் குளிர் தெரியாது, செய்தியும் வராது. வெளியே பாறைமேல் கருவியை நிமிர்த்தி வைத்ததும் மனைவியின் பதில் இறங்கியது: 'அக்கா கேட்டாங்க. லேட்டாகும்னு சொல்லிட்டேன். முழங்கால் எப்படி?' முழங்கால் வலித்தது. 'பரவாயில்லை' என்று அனுப்பிவிட்டு ஹெலன் ஏரிப் பக்கம் இறங்கினோம். வாண்டா, ஹெலன் இருவரும் மியூரின் மகள்கள். கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

இதைப் படித்துவிட்டு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவுக்கு இதை எடுத்துப் போகாதீர்கள். அங்கே அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது குற்றம். விமான நிலையச் சோதனையில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. இமயமலைக்கே நடக்கப் போனாலும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.