பரிசு விழாதவர்களுக்கான பெட்டி

மருதனார்மடம் தாண்டிச் சுன்னாகம் போகையில், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த வெல்டிங் பட்டறை இருக்கிறது. வாசலில் கேற்றுகள் சாத்தியிருந்தன. ஒன்றில் மயில், ஒன்றில் அன்னம், இன்னொன்றில் வீட்டுக்காரரின் முதலெழுத்து. கனடாவிலும் இலண்டனிலும் உழைத்த காசு இங்கே முதலில் கேற்றாகத்தான் கண்ணில் படும். பட்டறைக்குச் சோறு போடுவதும் அவைதான். இடையிடையே கொங்கிறீற் மிக்சரின் வயிற்றில் ஓட்டை அடைப்பதும் லாண்ட்மாஸ்ரர் பெட்டியின் அச்சை நிமிர்த்துவதும் நடக்கும். பக்கத்து ஊர் விளையாட்டுக் கழகம் ஒன்று அதிர்ஷ்டலாபச் சீட்டிழுப்புக்கு ஒரு ட்ரம் செய்யக் கொடுத்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் நான் போனேன்.

"ட்ரம் பாக்கவோ வந்தனீர்?" என்று பட்டறைக்கார அண்ணை சிரித்தார். அறுபதை எட்டிய மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு பழைய சைக்கிளின் நடுப்பகுதியை அரிந்துகொண்டிருந்தார். பெடல் கட்டையும் அதன் அச்சும் கிராங்கும் அப்படியே கழன்று வந்தன. அதுதான் ட்ரம்மின் கைபிடியாகப் போகிறது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் வரவிடமாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டார்கள். சைக்கிள் பெடல் ஒன்றைக் கையால் சுற்ற எவ்வளவு பலம் வேண்டும், எவ்வளவு நேரம் சுற்றலாம் என்பது அந்தத் தலைமுறைக்கு உடம்பில் பதிந்த கணக்கு. கடையில் புதுப் பெயரிங் வாங்கலாமே என்று கேட்டேன். வாங்கலாம்தான், ஆனால் பழைய சைக்கிளின் குண்டுகள் உப்புக் காற்றில் இத்தனை வருசம் நின்றுபிடித்தவை என்றார்.

ஊர்ச் சீட்டிழுப்பை அரச லொத்தரோடு சேர்த்து எண்ணக்கூடாது. தேசிய லொத்தர் சபை 1963இல் வந்தது, அபிவிருத்தி லொத்தர் 1983இல். ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் வரும் அந்தச் சீட்டை வாங்கிப் பரிசு விழாதவன் யாரோடு கோபிப்பது? ஊர்ச் சீட்டில் அப்படியல்ல. விற்றவன் ரியூசனுக்குப் போகும் பெடியன், வாசிகசாலைத் தலைவர், பெண்சாதியின் தமையன். சனசமூக நிலையத்துக்குக் கூரை, கழகத்துக்கு மைதான வேலி, பாடசாலைக்கு பாண்ட் வாத்தியம் என்று காரணம் எதுவாகவும் இருக்கட்டும், 1,000 சீட்டு விற்று மூன்று பேருக்குப் பரிசு கொடுத்தால் மிச்சம் 997 பேரின் முகத்தில் அடுத்த நாள் சந்தையில் முழிக்கவேண்டும். வென்ற மூவருக்கு ட்ரம் எப்படிச் சுற்றியது என்பதில் அக்கறையில்லை. அவர்கள் அதை ஒருபோதும் குறைசொல்லப் போவதில்லை. அந்தப் பெட்டி முழுக்க முழுக்க மற்றவர்களுக்காகச் செய்யப்படுகிறது. பட்டறையில் நின்று பார்க்கப் பார்க்க எனக்கு இது தெளிவாகிக்கொண்டே வந்தது.

கழகம் கேட்டது இவ்வளவுதான்: ஆயிரம் அடிக்கட்டை கொள்ள வேண்டும், ஓட்டோவில் ஏற வேண்டும், மேடையில் வைத்தால் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். முதலிரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கிற நிபந்தனைகள். ட்ரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பினால் உள்ளே இருப்பவை புரள இடமில்லை. முட்ட நிரம்பிய ட்ரம்மை நாள் முழுக்கச் சுற்றினாலும் அது ஒரே கட்டியாகச் சுற்றிவரும், கலக்காது. ஆகவே சீட்டு அடைக்கிற இடத்தைப்போல இரண்டு மடங்கு வெறும் இடத்தையும் சேர்த்துச் சுமக்கத்தான் வேண்டும். கடைசியில் விட்டம் ஒன்றரை அடி, நீளம் இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு, கால்கள் மடிக்கக்கூடியவை என்று முடிவாயிற்று.

தகரத்தை வட்டமாக வளைத்துவிட்டால் வேலை லேசு. அண்ணை வளைக்கவில்லை. முக்கால் அங்குல பொக்ஸ் பாரில் ஆறு மூலைச் சட்டம் ஒட்டினார். வழுவழுப்பான வட்டத்துக்குள் கடதாசிக் குவியல் புரளாமல் அடியில் வழுக்கிக்கொண்டே கிடக்கும். மூலை இருந்தால் ஒவ்வொரு மூலையும் குவியலைக் கொஞ்சம் தூக்கிக் கவிழ்க்கும். அதுமட்டும் போதாது. சுழலும் உருளை எதுவும் மேலும் கீழுமாக நன்றாகக் கலக்கும், ஆனால் இடமிருந்து வலமாக மிகவும் மெதுவாகத்தான் கலக்கும். இடது ஓரத்தில் விழுந்த சீட்டு நெடுநேரம் இடது ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்காக உட்சுவரில் இரண்டு தகட்டுத் துடுப்புகள் வைத்தார். ஒன்று இடப்பக்கம் சாய்ந்தது, மற்றது வலப்பக்கம். கொங்கிறீற் மிக்சரைத் திருத்தித் திருத்திப் பழகிய கை. அதன் வயிற்றுக்குள்ளும் சாய்ந்த தகடுகள்தான் இருக்கின்றன.

நடுவால் ஓர் அச்சை ஓடவிடவும் இல்லை. இரண்டு முனையிலும் வெளியே மட்டும் நீட்டும் குட்டை அச்சுகள். நடு அச்சு இருந்தால் சீட்டிழுக்கிற கை அதில் இடிக்கும், மடித்த கடதாசி அதில் தொங்கும். அதைவிட முக்கியம், சனத்தின் பார்வையை அது மறைக்கும்.

வேகத்தைப் பற்றி அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். "வேகமாய்ச் சுத்தினா கலக்காது, சுவரிலை ஒட்டிக்கொண்டு நிக்கும். சின்னப் பெடியள் விடுற பிழை அது" என்றார். ஒன்றரை அடி விட்டத்துக்கு விநாடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கைத் தாண்டினால், உச்சிக்குப் போன பொருளைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பைவிட அதைச் சுவரில் அழுத்திப் பிடிக்கும் விசை கூடிவிடும். பிறகு எல்லாம் சுவரோடு சேர்ந்து சுற்றும். நிறுத்தியதும் கிட்டத்தட்டப் பழைய ஒழுங்கிலேயே விழும். பார்க்கிறவர்களுக்கோ அதுதான் பலத்த குலுக்கலாகத் தெரியும். உண்மையில் கலப்பதற்கு அதில் பாதி வேகமே நல்லது. மேடையில் மைக் பிடித்தவர் "இன்னும் வேகமா! இன்னும் வேகமா!" என்று கத்துவார் என்பது அண்ணைக்குத் தெரியும். அதனால் கிராங்கின் நுனியில் ஒரு சாண் குழாயை ஒட்டி நீட்டிவிட்டார். கை பெரிய வட்டம் போகவேண்டியிருப்பதால் வேகம் தானாகக் குறைகிறது. யாருக்கும் புத்தி சொல்லத் தேவையில்லை.

கதவில்தான் அவர் அதிக நேரம் செலவழித்தார். கதவு, பிணைச்சல், கொண்டி எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் பாரம். சுற்றி விட்டால் பாரமான பக்கம் கீழே வந்து நிற்கும். கதவைத் திறந்தால் சீட்டெல்லாம் மேடையில் கொட்டும். எதிர்ப்பக்கத்தில் அதே நிறைக்கு ஒரு இரும்புத் துண்டு வைத்தால் ட்ரம் எங்கே விட்டாலும் நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக அரிந்து, சுற்றி, நிறுத்தி, மறுபடி அரிந்து அந்தத் துண்டைச் சரிக்கட்டியதைப் பார்க்கும்போது, கேற்றுக்கு மயில் ஒட்டுகிறவரா இவர் என்றிருந்தது. நகைத்தட்டாரின் தராசுப் பொறுமை. கதவின் அளவும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். ஒரு கை முழங்கை வரை போகலாம், தலையைக் குனிந்து உள்ளே பார்க்க முடியாது.

கண்ணாடிப் பக்கம் ஒரு தலையிடி. இரண்டு முனையிலும் பெர்ஸ்பெக்ஸ் போட்டால் உள்ளே புரள்வது தெரியும். ஆனால் சோளகம் அடிக்கிற வறண்ட மாதங்களில் கடதாசி உரசி உரசி, மின்னேற்றத்தில் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கோழிக்கூட்டு வலை அடித்தால் ஒட்டாது, ஆனால் கடதாசியின் மூலை வலைக்கண்ணில் செருகி நிற்கும். செருகிய சீட்டு கையில் அகப்படவே போவதில்லை. அதன் சொந்தக்காரர் முன் வரிசையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. அண்ணை பெர்ஸ்பெக்ஸையே எடுத்தார். சீட்டுப் போடமுதல் ஈரத்துணியால் ஒருக்கால் துடையுங்கோ என்று கழகத்துக்குச் சொல்லிவிட்டார்.

இவ்வளவு செய்தும், சீட்டைப் போடுகிற விதத்தில் எல்லாம் பாழாகலாம். விற்பனைப் புத்தகங்கள் ஆளாளாக வந்து சேரும். முதலில் கணக்குக் கொடுத்தவரின் அடிக்கட்டைகள் அடியில், கடைசி நாள் ஓடிவந்தவரின் கட்டு மேலே. கிளிப் கழற்றாமல் கட்டாகவே போடுகிறவர்களும் உண்டு. சிலர் ஒரு மடிப்பு, சிலர் நாலு மடிப்பு. தடித்த மடிப்பு விரலுக்கு முதலில் அகப்படும். ஒற்றை மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி, இரண்டாக வெளியே வந்து மேடையில் சண்டையைக் கிளப்பும்.

இந்தக் கவலையீனம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1969 டிசெம்பர் 1ஆம் திகதி, வியட்நாம் போருக்கு ஆள் சேர்க்க அமெரிக்கா பிறந்தநாள் சீட்டுக் குலுக்கியது. 366 நீலக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு திகதி. ஜனவரியிலிருந்து மாதம் மாதமாகப் பெட்டியில் போட்டு, சரியாகக் கலக்காமல் கண்ணாடிச் சாடியில் கொட்டி எடுத்தார்கள். கலப்பு ஒழுங்காக இருந்திருந்தால் எந்த மாதத்துக்கும் சராசரி வரிசை எண் 183 அளவில் வரவேண்டும். ஜனவரிக்கு 201 வந்தது, டிசெம்பருக்கு 121. எண் குறையக் குறையப் போர்முனை கிட்ட. ஆண்டுக் கடைசியில் பிறந்த பெடியன்கள், தங்கள் குப்பிகள் கடைசியில் போடப்பட்ட ஒரே குற்றத்துக்காக முந்திப் போனார்கள். அடுத்த ஆண்டு இரண்டு ட்ரம் வைத்தார்கள், திகதிக்கு ஒன்று, வரிசை எண்ணுக்கு ஒன்று. நான் இதைச் சொன்னபோது அண்ணை கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அவங்கள் துடுப்பு வைக்கேல்லையோ?" என்றார்.

கழகத்தின் செயலாளர் படித்த பெடியன். ஒருநாள் பட்டறைக்கு வந்து வேறொரு யோசனை சொன்னான். இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு? கையடக்கமான உருளை மூன்று செய்வோம். ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை பத்துப் பந்து. நூறு, பத்து, ஒன்று என்று இழுத்தால் 000 முதல் 999 வரை ஆயிரம் சீட்டும் அடங்கிவிடும். முப்பது பந்தில் ஆயிரம் பேர், நாலாவது உருளை வைத்தால் பத்தாயிரம் பேர். பந்தெல்லாம் ஒரே உருண்டை, ஒரே நிறை. மடிப்புப் பிரச்சினை இல்லை, செருகல் இல்லை. ஜப்பானியக் கடைத்தெருக்களில் கைபிடியைச் சுற்றினால் ஒரு நிறப்பந்து மட்டும் கீழே விழுகிற சின்ன மரப்பெட்டி இருக்கிறது. அந்த வாசல் வைத்தால் உள்ளே கைவிடவே தேவையில்லை.

கணக்குப்படி அவன் சொன்னது முழுக்கச் சரி. ஒரே ஒரு இடத்தில் வழுக்கும். சீட்டு எல்லாம் விற்காமல், 000 முதல் 649 வரை மட்டும் போயிருக்கிறது என்று வைப்போம். முதல் உருளையில் 7, 8, 9ஐ எடுத்துவிட்டு இழுக்கிறார்கள். 6 விழுகிறது. "சரி, இனி நாலு வரைதானே இருக்கு" என்று இரண்டாவது உருளையை மட்டும் திருத்தி இழுத்தால், 600க்கு மேல் எண் வைத்திருக்கிற ஐம்பது பேருக்கும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வாய்ப்புப் போய்ச் சேரும். விற்காத எண் வந்தால் மூன்றையும் தள்ளிவிட்டு முதலிலிருந்து இழுக்கவேண்டும். மேடையில் அந்தப் பொறுமை யாருக்கு இருக்கும் என்பதுதான் கேள்வி.

அண்ணை மறுத்த காரணம் வேறு. "தம்பி, சனம் தன்ரை பேரை எழுதிக் குடுத்திருக்கு. அந்தத் துண்டு உள்ளுக்கை கிடந்து புரளுறதைப் பாக்கவேணும். பந்திலை ஆற்றை பேர் இருக்கு?"

நான் செயலாளர் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். இதைக் கேட்டபிறகு அவ்வளவு உறுதியில்லை. பந்தும் பொய்யே சொல்லாது என்றில்லை. 1980 ஏப்ரல் 24ஆம் திகதி பென்சில்வேனியா மாநில லொத்தரில் 666 விழுந்தது. நிகழ்ச்சி அறிவிப்பாளரே கூட்டாளிகளோடு சேர்ந்து, 4, 6 தவிர்ந்த எல்லாப் பந்துகளுக்குள்ளும் வெள்ளைப் பெயின்ற் ஏற்றிப் பாரமாக்கியிருந்தார். பாரமான பந்துகள் காற்றில் எழும்பவில்லை. மாநிலமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க நடந்த களவு. இவ்வளவு கெட்டித்தனம் ஊர்க் கழகத்தில் இல்லை என்பதை விட்டுவிடுவோம். சாதாரண கண்ணுக்கு அகப்படாத இடத்தில் சூது நுழைய முடியும் என்பதுதான் விஷயம். இந்தப் பயம் பழையது. உத்தரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை எடுக்கும் முறையை விவரிக்கின்றன. சபையார் எல்லோரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டி, ஓலைகளைக் கலைத்து, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிக்கவேண்டும். ஓலையில் இருந்ததும் பெயர்தான். நமது மேடைகளிலும் கடைசியில் முன் வரிசையிலிருந்து ஒரு குழந்தையைத்தானே கூப்பிடுகிறோம்.

இப்போது பார்வையாளர் பாதிப் பேர் மேடைக்கு முன்னால் இல்லை. ஸ்காபரோவிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சீட்டு வாங்கி, அடிக்கட்டையில் தங்கள் பெயரை ஊரில் நிற்கும் தமக்கையைக் கொண்டு எழுதுவித்து, முகநூல் நேரலையில் பார்ப்பவர்கள். போன் கமராவுக்குப் பெர்ஸ்பெக்ஸ் பளபளத்து உள்ளே ஒன்றும் தெரிவதில்லை என்று போன சீட்டிழுப்பில் முறைப்பாடு வந்ததாம். அதற்காக இம்முறை உட்புறத்துக்குக் கறுப்புப் பூச்சு. வெள்ளைத் துண்டுகள் எடுத்துக் காட்டும்.  போனில் ஒரு செயலியைத் தட்டினால் எண் வந்துவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. அந்த யோசனை கழகக் கூட்டத்தில் தேநீர் வருமுன்னே செத்துப்போனது என்று செயலாளரே சொன்னான்.

இந்த வேலையை நம்பிப் பட்டறை நடத்த முடியாது. ஒரு ட்ரம் செய்துவிட்டால் சுற்றியுள்ள ஊரெல்லாம் அதையே இரவல் வாங்கிக்கொள்ளும். நன்றாகச் செய்யச் செய்ய அடுத்த ஓடர் தள்ளிப்போகும். அண்ணை முன்பு செய்த ஒன்று எங்கெங்கோ சுற்றி, பெயின்ற் உரிந்து, இப்போது எந்த ஊரில் நிற்கிறதென்று அவருக்கே தெரியாது. கூலி என்ன கேட்டார் என்றும் சொல்லவில்லை. உதவிக்கு நிற்கிற பெடியன்தான், கேற் ஒன்றுக்குச் செலவழிக்கிற நேரத்துக்கு மேலே போய்விட்டது என்று முணுமுணுத்தான்.

கடைசியில் இருவர் சொன்னதும் நடந்தது. முதல் மூன்று பரிசுக்கும் பெயர் எழுதிய அடிக்கட்டை, பெரிய ட்ரம். ஆறுதல் பரிசுகள் இருபதுக்கும் செயலாளரின் மூன்று குட்டி உருளைகள், பந்துகளோடு. இருபது தடவை கதவைத் திறந்து பூட்டினால் சனம் எழும்பிப் போய்விடும் என்பதில் அண்ணைக்கும் மறுப்பில்லை. குட்டி உருளைகளுக்கு அச்சு எதில் எடுப்பது என்று கேட்டேன். சின்னப் பிள்ளைகளின் மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்று பின்வளவில் கிடந்தது. அதைக் காட்டிவிட்டு, சில்லுக்குள் இருந்த மண்ணைத் தட்டத் தொடங்கினார்.