மாட்டுப்பட்டி கண்டேன்

மாட்டுப்பட்டி என்பது கேரள நாட்டின் இடுக்கி மாவட்டத்திலே, மூணாறு நகரிலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீற்றர் தொலைவில் உள்ள ஓர் ஊர். பட்டி என்பது ஆடுமாடுகளை அடைக்கும் இடம் என்பதை நம் கல்லூரியின் ஆறாம் வகுப்பு மாணவனும் அறிவான். மலையாளத்தார் அதனை மாட்டுப்பெட்டி என்று எழுதுகின்றனர். எக்காலத்தில் எவர் அங்கே மாடுகளை அடைத்தனரோ, பெயர் மட்டும் பழையது. 1908ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து மலையுச்சிக்குச் சிறு புகையிரதம் ஓடிய காலத்திலேயே அப்பெயரில் ஒரு நிலையம் இருந்தது. அதற்கு அரை நூற்றாண்டின் பின்னர், 1963இல் இந்திய அரசும் சுவிற்சர்லாந்து அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அல்ப்ஸ் மலைநாட்டு மாடுகள் அங்கே வந்து சேர்ந்தன. பெயர் தனக்குரிய பொருளைத் தானே தேடிக்கொண்டது போலும்.

அவ்வூருக்கு நான் சென்றது மாடு பார்க்க அன்று, உறவு பார்க்க. என் பாட்டனாரும் அவருடைய தமையனாரும் திருநெல்வேலிச் சீமையில் வானம் பொய்த்தபோது ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள். தமையனார் மலையேறிக் கண்ணன் தேவன் மலைத் தேயிலைத் தோட்டத்திற்குப் போனார். தம்பியாகிய என் பாட்டனார் கங்காணியொருவரின் பின்னே கடல் கடந்து இலங்கை மலைநாட்டிற்கு வந்தார். இருவரும் மீண்டும் சந்தித்தாரில்லர். கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் தலையெடுத்த பின்னரே குடும்பங்கள் இரண்டும் ஒன்றையொன்று அறிந்தன. கொட்டகலைக் கலாசாலையில் பயிற்சி முடித்து, கொழும்பிலே ஆசிரியனாகி, வெள்ளவத்தையில் வாடகைக்குக் குடியிருக்கும் நான், சென்ற ஆண்டுகளில் ஒரு விடுமுறையை இதற்கென ஒதுக்கினேன். மதுரைக்கு வானூர்தி, பின்னர் தேனி, போடி, போடிமெட்டு வழியாகப் பேருந்து. வழியைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. வளைவுகள் தோறும் வயிறு புரண்டது என்பதோடு நிறுத்துகின்றேன்.

சித்தப்பா பேருந்து நிலையத்திலே காத்திருந்தார். எழுபதைக் கடந்தவர். என் தந்தையாரின் நெற்றியும் நடையும் அவரிடத்தில் அப்படியே இருந்தன. "வாங்க தம்பி, குளிருக்குப் போர்வை கொண்டு வந்தீங்களா?" என்பதுதான் முதல் வார்த்தை. அவர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டை அங்கும் லயம் என்றே சொல்கின்றனர். இரு நாட்டிற்கும் ஒரே சொல்; ஒரே தகரக் கூரை; முன்னால் ஒரே அளவு முற்றம். ஹற்றன் பக்கத்தில் பிறந்த எனக்கு வழி கேட்காமலே குழாயடிக்குப் போக முடிந்தது.

மறுநாள் காலை அவரே என்னை மாட்டுப்பட்டிக்கு அழைத்துச் சென்றார். அணைக்கட்டு நீர்த்தேக்கத்தின் கரையிலே உல்லாசப் பயணிகள் திரண்டு படகேறுகின்றனர். அதற்கப்பால் மேடும் சரிவுமாகப் பசும்புல் வெளி. ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரம். தேயிலையின் கடும்பச்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த இளம்பச்சை வேறொரு நாடாகவே தோன்றியது. நோய் பரவுதலை அஞ்சிக் கண்டவரையும் பண்ணைக்குள்ளே விடுவதில்லை. ஆகவே வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். சாம்பலும் கபிலமும் கலந்த நிறம், கருமூக்கைச் சுற்றி வெண்ணிற வளையம், அகன்ற நெற்றி, அவசரமில்லாத நடை. கபில சுவிஸ் என வழங்கும் அவ்வினம் உலகின் மிகப் பழைய மாட்டினங்களுள் ஒன்று என்பர்.

அவ்வினத்தின் தாயகத்தில் பாலுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. கோடையிலே மாடுகள் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறிவிடும். அங்கே கறந்த பாலை ஊருக்கு இறக்குமுன் அது புளித்துவிடும். பனிக்காலத்திலோ புல்லும் இல்லை, பாலும் அருமை. எனவே அம்மக்கள் கோடையின் பாலைப் பனிக்காலம் வரை காத்து வைக்கும் வழியைக் கண்டனர். செப்புக் கொப்பரையில் பாலை மிதமாகச் சூடேற்றி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையிட்டுத் திரளச் செய்து, திரளை வெட்டி, வடித்து, அழுத்தி, உப்பூட்டி, நிலவறையில் மாதக்கணக்காக வைத்துவிடுகின்றனர். அதுவே பாற்கட்டி. ஒரு கிலோ கட்டிக்குப் பத்து, பன்னிரண்டு லீற்றர் பால் செல்லும். பால் திரிந்தால் நாம் முகம் சுளிக்கின்றோம். அவர்கள் அதனை வேண்டுமென்றே திரித்து ஒரு நாட்டின் செல்வமாக்கினார்கள். கன்றின் இரைப்பை என்றதும் நம் சைவ அன்பர்கள் சிலர் வெள்ளவத்தைக் கடையில் வாங்கிய வட்டப் பெட்டியை ஐயுறவோடு நோக்கக்கூடும். தாவரத்திலிருந்தும் நுண்ணுயிரிலிருந்தும் எடுக்கும் உறையும் இன்று வழக்கில் உண்டு. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்க. ஈயத்தாள் சுற்றிய அந்த முக்கோணத் துண்டுகளின் மூலமும் சுவிற்சர்லாந்துதான். கட்டியை உருக்கி, நெடுநாள் கெடாத வகையில் மீண்டும் வார்க்கும் முறையை 1911இல் தூண் என்னும் நகரிலே கண்டுபிடித்தனர்.

மாட்டுப்பட்டிக்கு மாடு வந்ததேயன்றி அந்தக் கொப்பரை வந்து வேரூன்றவில்லை. காரணம் எளிது. கேரளத்தார்க்கு வேண்டியிருந்தது தேநீருக்கும் குழந்தைக்கும் ஊற்றப் பால். காலையில் கறந்தது மாலைக்குள் விலைபோகும் நாட்டிலே அதனை ஆறு மாதம் நிலவறையில் பூட்டி வைப்பவன் யார்? ஆகவே அத்திட்டத்தினர் கட்டியில் மனம் வையாது கன்றில் வைத்தனர். குளிர்ந்த மலையிலே சுவிஸ் காளைகளைப் பேணி, அவற்றின் விந்தை உறையச் செய்து, பூச்சியத்திற்குக் கீழே 196 பாகை குளிருள்ள திரவ நைதரசனில் இட்டுச் சமவெளிக் கிராமங்களுக்கு அனுப்பினர். அங்குள்ள நாட்டுப் பசுக்கள் ஈன்ற கலப்பினத்திற்குச் சுனந்தினி என்று பெயரிட்டனர். பின்னாளில் வேறு பிறநாட்டு இனங்களின் குருதியும் அதிற் சேர்க்கப்பட்டது. 1976இல் திட்டம் கேரள அரசின் கால்நடை வாரியத்தின் கைக்கு மாறியது. ஒரு பசுவை நம்பிப் பிழைக்கும் ஏழை வீட்டிலே பால் பன்மடங்கு பெருகியது மெய். அதனை எவரும் மறுப்பதற்கில்லை.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. நாட்டுக் காளைகளை உரிமம் இன்றி வைத்திருத்தலை 1961ஆம் ஆண்டுச் சட்டமொன்று கேரளத்தில் தடுத்திருந்தது. கலப்பினம் பெருகப் பெருக நாட்டு மாடுகள் அருகின. வைக்கத்திற்கு அண்மையிலுள்ள வெச்சூரின் பெயர் தாங்கிய, 90 சென்ரிமீற்றர் அளவே உயரமுள்ள சிறு பசுவினம் ஏறக்குறைய அற்றே போயிற்று. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை சோசம்மா ஐப்பும் அவர்தம் மாணவரும் 1989இல் வீடு வீடாகத் தேடி, எஞ்சியவற்றைச் சேர்த்து, அவ்வினத்தை மீட்டனர். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மாணவரோடு தெருத்தெருவாக அலைந்து ஓர் இனத்தைக் காத்த அந்த ஆசிரியையை நினைக்கும்போது எனக்கு ஏடு தேடி அலைந்த நம் சாமிநாதையரவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

சுவிற்சர்லாந்து மக்கள் மாட்டை மட்டும் அனுப்பியவர்கள் அல்லர். தம் மக்களையும் அனுப்பியிருக்கின்றனர். இன்று செல்வத்திற்கு உவமை சொல்லப்படும் அந்நாடு ஒருகாலத்தில் வறுமையால் மக்களை வெளியேற்றியது என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. கிளாறுஸ் என்னும் மலைமாநிலத்திலிருந்து 1845 ஏப்பிரலில் புறப்பட்ட கூட்டத்தில் 108 பேர் அவ்வாண்டு ஓகஸ்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் காட்டிலே குடியேறினர். ஊர்ச்சங்கம் முன்னரே ஆளனுப்பி 1,200 ஏக்கர் வாங்கி வைத்திருந்தது. குடும்பத்திற்கு 20 ஏக்கர் வீதம் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டனர். ஊருக்குப் புதிய கிளாறுஸ் எனப் பெயரிட்டனர். முதலில் கோதுமை விதைத்தார்கள். பூச்சியாலும் மண் சோர்ந்ததாலும் அது பொய்த்தது. பிறகே பாட்டன்மார் தொழிலாகிய பாற்கட்டியை நினைத்தார்கள். 1868இல் அங்கே கட்டிச்சாலை எழுந்தது. அம்மாவட்டம் முழுதும் அத்தொழிலால் பெயர் பெற்றது. நூறாண்டுக்கு மேல் வீட்டிலே தம் மொழியைப் பேசினர். 1938இல் தம் நாட்டு வீரன் வில்லியம் தெல்லின் கதையை ஆண்டுதோறும் நாடகமாக நடிக்கத் தொடங்கினர்.

இவற்றையெல்லாம் நான் ஏட்டிற் படித்தவன். வேலியோரம் நின்றபடி சித்தப்பாவுக்குச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "இருபது ஏக்கரா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம், சித்தப்பா." "வந்த உடனேயேவா?" "வந்த உடனே." அவர் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

1963இலே அவர் பள்ளிச் சிறுவன். வெளிநாட்டு மாடு வந்திருக்கின்றது என்று கேள்விப்பட்டு, தோழரோடு தேயிலைக் குறுக்குப்பாதையால் ஓடிவந்து பார்த்தாராம். மாடு தங்கக் கட்டிய கொட்டிலைப் பார்த்துத்தான் வாய் பிளந்தார்களாம். "மாட்டுக்கு மழை ஒழுகாது தம்பி. நாங்க வீட்டுல நாலு சட்டி வச்சிருந்தோம்," என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பிலே குறையொன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

ஏனெனில் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிற்சர்லாந்திலிருந்து வந்த மாட்டின் பேத்தி நாட்டுப் பசுவாகி, வடமொழியில் ஓர் அழகிய பெயரும் பெற்றுவிட்டது. என் பாட்டனார் இலங்கைக்கு வந்து, அட்டை கடித்த காலோடு காடு வெட்டி, கொழுந்துக் காம்பரா கட்டக் கல் சுமந்தவர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவரை எந்நாட்டவரும் அல்லாதவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் இரு நாட்டுத் தலைவர்களும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்று நிறுத்தியது. பட்டியிலே மாடு பிரிப்பது போல என்று சொன்னால் கடுஞ்சொல் ஆகுமோ அறியேன். என் பாட்டனாரின் தங்கை குடும்பத்தோடு தலைமன்னாரிற் கப்பலேறி நீலகிரிப் பக்கம் போனார். பாட்டனார் விண்ணப்பம் எழுதி எழுதி, விடை வருமுன் இறந்தார். என் தந்தையார் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பிரசையானார். அதுவரை, இலங்கை மண்ணிலே பிறந்து, இலங்கைப் பாடசாலையில் "நமோ நமோ தாயே" பாடிய யானும் நாடற்றவனே. எஞ்சியோர்க்கெல்லாம் வழிசெய்த சட்டம் 2003இல்தான் வந்தது.

இதனைச் சித்தப்பாவிடம் சொன்னபோது, அவர் தம் பக்கத்துக் கதையைச் சொன்னார். அவர்க்குப் பிரசாவுரிமைத் தொல்லை இல்லை; வீடே தொல்லை. தோட்ட வேலை உள்ளவரைதான் லயம். வேலையிலிருந்து ஓய்ந்தால் வெளியேற வேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்திற் பெயர் பதிந்தால் கூரை நிற்கும். அவருடைய மகன் படிப்பை நிறுத்திப் பெயர் பதிந்தது அதற்காகத்தான். 2015 செப்டெம்பரில் அம்மலையின் பெண் தொழிலாளர், சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தாமே தெருவில் அமர்ந்து மிகையூதியம் கேட்டு வென்ற செய்தியை நாம் பத்திரிகையிற் படித்தோம். "உங்க சித்தியும் உட்கார்ந்திருந்தா," என்றார். சித்தி அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "ஒன்பது நாள்," என்று திருத்தம் சொல்வது போலச் சொன்னார்.

2020 ஓகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதைப் பற்றியும் பேச்சு வந்தது. எழுபது பேர் மாண்டனர். நம் நாட்டில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லந்தையின் மீரியபெத்தை மண்ணுள் மறைந்ததை நான் சொன்னேன். இரண்டிலும் ஒரே வகை வீடு. ஒரே வகைச் சரிவு. சிறிது நேரம் இருவரும் ஊர்ப்பெயர்களை மட்டும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். பேத்தி மலையாளப் பாடப்புத்தகத்தை மடித்துவிட்டு வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கின்றாள். ஆசிரியனுக்குக் கை சும்மா இராதே. இருந்த நான்கு நாளும் மாலையில் ஒரு மணி நேரம் அவளை வாசிக்க வைத்தேன். மூன்றாம் நாள் அவளே புத்தகத்தோடு வந்து அமர்ந்தாள்.

புறப்படுவதற்கு முதல்நாள் மலையுச்சியிலுள்ள டொப் ஸ்டேசனுக்குப் போனோம். முன்சொன்ன புகையிரதம் அதுவரை ஓடிற்று. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்திற் கட்டித் தமிழ்நாட்டுப் பக்கமாகக் கொட்டகுடிக்கு இறக்கினர். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் தண்டவாளத்தை அள்ளிக்கொண்டு போனதன் பின்னர் அது மீளவில்லை. போடியிலிருந்து குரங்கணி வழியாகக் கால்நடையாய் ஏறிவந்த கூலிகளின் பாதையும் அவ்விடத்திற்றான் மலையைத் தொடுகின்றது. பெரிய பாட்டனார் வந்தது அவ்வழியே என்பது சித்தப்பாவின் முடிபு. வானம் தெளிந்திருந்தால் கீழே சமவெளி முழுதும் தெரியுமாம். அன்று மேகம் கவிந்திருந்தது. "கொஞ்சம் பொறுங்க, விலகும்," என்றார். தேநீர்க் கடையிலே நல்ல கெட்டிப் பாலூற்றித் தந்தனர்; எந்த மாட்டுப் பால் என்று நான் கேட்கவில்லை. அரைமணி நேரம் நின்றோம். மேகம் விலகவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று சித்தப்பா போர்வையை எடுத்து என் தோளிற் போட்டார். இருவரும் இறங்கி நடந்தோம்.