தாய் நாய் எங்கே?

கண்ணாடிக்குப் பின்னால் துள்ளும் நாய்க்குட்டியைப் பார்ப்பவர்கள் அதன் விலையைக் கேட்பார்கள், வயதையும் கேட்பார்கள். தாயைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

யாரும் கேட்காத அப்படியொரு தாய்தான் லூசி. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், விற்பனைக்காக நாய்களை ஈனவைக்கும் பண்ணையொன்றில் அது கூண்டுக்குள் அடைந்து கிடந்தது. 2013இல் மீட்கப்பட்டபோது அதன் முதுகெலும்பு வளைந்திருந்தது. ஆங்காங்கே முடி உதிர்ந்திருந்தது. 2016இல் லூசி இறந்தது.

வேல்ஸை அடுத்துள்ள இங்கிலாந்தில், விலங்குகளைக் கொண்டு தொழில் செய்வோருக்கான புதிய உரிம விதிமுறைகள் 2018 அக்டோபரில் நடப்புக்கு வந்தன. நாய்களை ஈனவைத்து விற்போர் உள்ளூராட்சி மன்றத்திடம் உரிமம் பெற வேண்டும். விளம்பரத்தில் உரிம எண் இருக்க வேண்டும். ஒரு நாய் 12 மாதங்களில் ஒருமுறைக்கு மேல் குட்டி ஈனக்கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. இவற்றுள் மிக எளிய விதியே மிக வலியது: வாங்க வருபவரிடம் குட்டியைத் தாயுடன் சேர்த்தே காட்ட வேண்டும். நாலு பேர் பார்க்கும் தாயைப் பட்டினி போட முடியுமா?

ஆனால், பண்ணையில் வாங்கி விற்கும் கடைக்காரரிடம் தாய் ஏது? அந்த ஓட்டையை 2020 ஏப்ரல் 6ஆம் தேதி அடைத்தார்கள். ஆறு மாதத்திற்கு உட்பட்ட நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் பிறரிடம் வாங்கி விற்பது அன்றுமுதல் தடைசெய்யப்பட்டது. கடைக்காரர்களுக்கு இது இழப்புதான். இன்று அங்கே நாய்க்குட்டி வேண்டுவோர், அது பிறந்த இடத்திற்கே செல்ல வேண்டும். அல்லது விலங்குக் காப்பகத்தை நாட வேண்டும்.

மக்கள் அதனை 'லூசி சட்டம்' என்றே அழைக்கிறார்கள்.