ஒரு டயரும் நான்கு சக்கரங்களும்

நுகத்தில் பூட்டும் காளைகள் இரண்டும் நடையில் ஒத்திருக்கவேண்டும் என்பது குடியானவர்கள் அறிந்த நியாயம். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசையைப் பகிர்ந்தளிக்கும் மோட்டார் வண்டிக்கும் அதுவே நியாயமென்பதைச் சென்ற மாதம் தெரிந்துகொண்டோம்.

எண்ணூர்ச் சாலையில் கிடந்த இரும்புத் துண்டொன்று நம் வண்டியின் டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. அவ்விடத்துக் கிழிசலுக்கு ஒட்டு உதவாது. "ஒன்று போதாது, ஸார், நான்கையும் மாற்றவேண்டும்" என்றார் கடைக்காரர். உபாத்தியாயர் சம்பளத்தில் நான்கு டயரா! வியாபாரத் தந்திரமென்றே நம் இல்லத்தரசி தீர்மானித்துவிட்டாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். புதிய டயரின் பள்ளம் 8 மில்லிமீட்டர். நம்முடைய பழைய டயர்களில் மீதி 5. அந்த 3 மில்லிமீட்டர் தேய்வினால் சுற்றளவு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் குறைகிறது. 2 மீட்டர் சுற்றளவுள்ள புதிய டயர் கிலோமீட்டருக்கு 500 முறை சுழன்றால், பழையது ஏறக்குறைய 505 முறை சுழலவேண்டும். திருப்பங்களில் மட்டும் நேரவேண்டிய இவ்வேற்றுமை நேர்ச்சாலையிலும் ஓயாது நேர்ந்தால், நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி சூடேறித் தேய்ந்துபோகும். அதைப் பழுதுபார்க்கும் செலவுக்கு முன் டயர் விலை அற்பம். இரண்டை மட்டும் மாற்றினாலோ, முன் அச்சும் பின் அச்சும் பிணங்கிக்கொள்ளும்.

தேய்மானத்தின் கதை திருவொற்றியூருக்குப் புதிதன்று. 1946-ல் அங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளை, 1952-ல் இறங்கியது தேய்ந்த டயருக்கு மேற்பட்டை போடும் ரப்பர் தொழிலில்தான். எம்.ஆர்.எப். வளர்ந்தது அப்படி.

முடிவில், அதே கம்பெனியின் அதே அளவில், 5 மில்லிமீட்டர் பள்ளம் மிஞ்சிய பழைய டயர் ஒன்று கிடைத்தது. பக்கத்தில் பொறித்த நான்கிலக்க எண்ணைக்கொண்டு, அது உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் சரிபார்த்தே வாங்கினோம். தேடிக் கொடுத்தவர் அந்தக் கடைக்காரரேதான். நம் வீட்டில் அவருடைய மதிப்பு இப்போது சற்று உயர்ந்திருக்கிறது.